பள்ளியின் ‘டைட்டில் ஒன்’ பணம் நிற்கப்போகிறதா? பிள்ளைகள் குரல் கொடுக்க ஒரு நடைமுறைக் கையேடு

அமெரிக்காவில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு ‘டைட்டில் ஒன்’ எனும் கூட்டாட்சி அரசின் உதவிப் பணம் நின்றால், பெரும்பாலும் முதலில் போவது ரீடிங் டீச்சர்தான். அடுத்து, கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்துச் சொல்லித்தருபவர், பள்ளி முடிந்தபின் நடக்கும் வகுப்பு, வேற்றுமொழி பேசும் பெற்றோருக்கு போன் செய்து விஷயம் சொல்லும் ஊழியர். வாரம் மூன்று நாள் தன்னைக் கூப்பிட்டுப் படிக்கவைத்த டீச்சர் அடுத்த வருடம் இல்லை என்றால் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

அந்தக் கோபம் பல ஊர்களில் தவறான வாசலில் போய் நிற்கிறது. போஸ்டரில் வாஷிங்டனைத் திட்டி எழுதுகிறார்கள். பணத்தை நிறுத்தியதோ உள்ளூர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் அலுவலகம். ஆகவே மார்க்கர் பேனா வாங்கப் போகுமுன் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

பணம் ஏன் நின்றது?

டைட்டில் ஒன் என்பது 1965-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட கல்விச் சட்டத்தின் முதல் பகுதி. ஏழைக் குழந்தைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளுக்கான கூட்டாட்சிப் பணம். அண்மை ஆண்டுகளில் இது வருடத்துக்குச் சுமார் 1,840 கோடி டாலர். பணம் மாநிலம் வழியாக டிஸ்ட்ரிக்டுக்கு வரும். டிஸ்ட்ரிக்ட் தன் பள்ளிகளை ஏழ்மை சதவீதப்படி மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தும். 75 சதவீதத்துக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கு முதலில் கொடுத்தே ஆகவேண்டும். அதற்குக் கீழே எந்த இடத்தில் கோடு போடுவது என்பதில் டிஸ்ட்ரிக்டுக்கு நிறையவே சுதந்திரம் உண்டு.

சிக்கல் அந்தக் கோட்டில்தான். ஓர் உதாரணக் கணக்கு: 400 பிள்ளைகள் படிக்கும் பள்ளி, டிஸ்ட்ரிக்ட் போட்ட கோடு 40 சதவீதம், ஏழைப் பிள்ளை ஒருவருக்கு 1,000 டாலர். போன வருடம் 164 பேர், அதாவது 41 சதவீதம். கிடைத்தது 1,64,000 டாலர். இந்த வருடம் 152 பேர், அதாவது 38 சதவீதம். பன்னிரண்டு பேர்தான் குறைந்திருக்கிறார்கள். ஆனால் குறைவது 12,000 டாலர் அல்ல, முழுப் பணமும். மீதி 152 பிள்ளைகளும் அதே ஏழ்மையில்தான் இருக்கிறார்கள்.

அந்தப் பன்னிரண்டு பேர் எங்கே போனார்கள்? வாடகை ஏறி உண்மையிலேயே ஊரைவிட்டுப் போயிருக்கலாம். அல்லது பிள்ளைகள் அங்கேயே இருக்க, இலவச உணவுக்காகக் குடும்பம் நிரப்பித் தரும் வருமானப் படிவம் மட்டும் வராமல் போயிருக்கலாம். நியூயார்க் நகரில் 2017 முதலும் கலிபோர்னியாவில் 2022-23 முதலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம். சாப்பாடு எப்படியும் கிடைக்கிறது என்றால் எந்தக் குடும்பம் மெனக்கெட்டுப் படிவம் நிரப்பும்? ஆனால் ஏழ்மைக் கணக்குப் பல இடங்களில் அந்தப் படிவத்தை வைத்தே நடக்கிறது. வேறு சில டிஸ்ட்ரிக்டுகள் படிவத்தைப் பார்ப்பதே இல்லை. ஸ்னாப் எனும் உணவு உதவி, மெடிகெய்ட் எனும் மருத்துவ உதவி போன்றவற்றில் பெயர் உள்ள பிள்ளைகளை மட்டும் எண்ணும். அங்கே படிவத்துக்காக வீடுவீடாக அலைவது வீண் வேலை.

டிஸ்ட்ரிக்டின் கூட்டாட்சித் திட்டங்கள் பிரிவுக்கு இந்த நான்கு கேள்விகளையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். நேரில் கேட்டால் பதில் பதிவில் இருக்காது.

1. எங்கள் பள்ளியின் சதவீதம் போன வருடம் எவ்வளவு, இந்த வருடம் எவ்வளவு?
2. எந்த அளவுகோல், எந்தத் தேதிக் கணக்கு?
3. கோடு எத்தனை சதவீதத்தில்? அது இந்த வருடம் மாறியதா?
4. பள்ளிகளின் முழு வரிசைப் பட்டியல், ஒரு பிள்ளைக்கான தொகையோடு.

சதவீதம் மாறாமல் எல்லாப் பள்ளிகளுக்கும் தொகை குறைந்திருந்தால் மட்டுமே விஷயம் மேலிடத்துடையது. அப்போதுதான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினரிடமும் மாநிலத்திடமும் போக வேண்டும்.

என்ன கேட்பது?

“எங்கள் பணத்தைத் திருப்பிக் கொடு” என்ற கோஷத்தைத் தவிர்ப்பது நல்லது. கோட்டைக் கீழே இறக்கினால், அதே பணம் இன்னும் அதிகப் பள்ளிகளுக்குப் பிரியும். உங்களைவிட ஏழையான பக்கத்துப் பள்ளிக்குத் தொகை குறையும். டிஸ்ட்ரிக்டின் முடிவுகளை எடுக்கும் ஸ்கூல் போர்டு உறுப்பினர்கள் இதைச் சொல்லியே வாயை அடைத்துவிடுவார்கள். அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது.

இரண்டு கோரிக்கைகள் பலன் தர வாய்ப்புள்ளவை. முதலாவது, ஓராண்டு நீட்டிப்பு. போன வருடம் தகுதியோடு பணம் பெற்ற பள்ளி இந்த வருடம் தகுதி இழந்தாலும், இன்னும் ஒரே ஒரு வருடம் கொடுக்கச் சட்டத்தின் 1113-ஆம் பிரிவு டிஸ்ட்ரிக்டுக்கு அனுமதி தருகிறது. கட்டாயமில்லை, அனுமதி மட்டுமே. ஆகவே கேட்காத பள்ளிக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டாவது, ரீடிங் டீச்சரின் சம்பளத்தை டிஸ்ட்ரிக்டின் பொது நிதியிலிருந்து கொடுக்கச் சொல்வது. இதில் பக்கத்துப் பள்ளியின் டைட்டில் ஒன் பணம் குறையாது. பிள்ளைகளுக்கும் புரியும்: “மிஸ் எங்களோடு இருக்க வேண்டும்.”

எப்போது?

டிஸ்ட்ரிக்டின் நிதியாண்டு பொதுவாக ஜூலை 1-இல் தொடங்கும். பள்ளிக்கு எவ்வளவு என்பது மார்ச் முதல் மே வரைக்குள் ஏறக்குறைய முடிவாகிவிடும். கலிபோர்னியாவில் ஆசிரியர் ஆட்குறைப்புக்கான முன்னறிவிப்பு மார்ச் 15-க்குள் போக வேண்டும். அங்கே பிப்ரவரியிலேயே பேசியாக வேண்டும். ஜூனில் பள்ளி விடுமுறைக்கு முந்தின வாரம் நடக்கும் போராட்டம் படமெடுக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். அதற்குள் அந்த ஆசிரியர் வேறு வேலை தேடிக்கொண்டிருப்பார்.

வாசலில் நிற்பது

1969-இல் டிங்கர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாணவர்களுக்குப் பள்ளிக்குள்ளும் கருத்துரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை கட்டிய வழக்கு அது. டிங்கர் குடும்பத்தில் தொடக்கப் பள்ளியில் படித்த இரு பிள்ளைகளும் பட்டை கட்டிக்கொண்டு போனார்கள். ஆனால் பாடம் கெடுமளவு இடையூறு செய்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் நீதிமன்றங்கள் பள்ளிகளுக்குக் கூடுதல் அதிகாரமும் கொடுத்திருக்கின்றன.

வகுப்பை விட்டு வெளிநடப்பு இந்த வயதுக்கு வேண்டாம். அனுமதியில்லாத விடுப்பாகப் பதிவாகும்; ஒரு பிள்ளை தெருவில் ஓடிவிட்டால் செய்தி அதுவாகிவிடும். காலை மணி அடிப்பதற்கு முன் அரை மணி நேரம், பள்ளிக்கு வெளியே பொது நடைபாதையில் நில்லுங்கள். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும். சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் போக வழி விடுங்கள். ஒலிபெருக்கிக்குப் பல நகரங்களில் அனுமதி தேவை, எனவே கைதட்டலே போதும். ஏற்பாடு பெற்றோருடையதாக இருக்கட்டும். வேலை நேரத்தில் ஆசிரியர் இதை நடத்தினால் பள்ளிக்குச் சிக்கல், அவருடைய வேலைக்கும் சிக்கல்.

போஸ்டருக்குக் கடையில் கிடைக்கும் 22-க்கு 28 அங்குல அட்டையைப் பாதியாக வெட்டுங்கள். முழு அட்டை காற்றில் சின்னக் கைகளை இழுத்துக்கொண்டு போகும். எழுத்து 3 அங்குல உயரம், ஆறு சொல்லுக்குள். மஞ்சள் மார்க்கர் தூரத்தில் தெரியாது. கறுப்பு அல்லது அடர்நீலம் எடுங்கள். முதலில் பென்சிலில் எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் கடைசிச் சொல் ஓரத்தில் நசுங்கும். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தாதீர்கள். பிள்ளை எழுதியது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். மரக்குச்சி கட்டவேண்டாம், சில நகரங்களில் தடை உண்டு. பிரின்சிபாலைத் திட்டும் போஸ்டரும் வேண்டாம். கோடு போட்டது அவர் இல்லை.

போர்டு கூட்டத்தில் பேசுவது

உண்மையில் காரியம் நடப்பது இங்கேதான். ஸ்கூல் போர்டு கூட்டங்களில் பொதுமக்கள் பேச ஆளுக்கு 2 அல்லது 3 நிமிடம் கொடுப்பார்கள். பல இடங்களில் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும், சில இடங்களில் வாசலில் சீட்டு நிரப்ப வேண்டும். நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். கலிபோர்னியாவில் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அதை வெளியிட்டாக வேண்டும். நிரலில் இல்லாத விஷயத்தை நீங்கள் பேசலாம், போர்டு அன்று முடிவெடுக்க முடியாது. பட்ஜெட் நிரலில் உள்ள நாளில் போங்கள்.

இரண்டு நிமிடத்துக்கு ஒரு பிள்ளையால் 150 சொல்லுக்கு மேல் நிதானமாகப் படிக்க முடியாது. 18 புள்ளி எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு, ஒரே பக்கத்தில் அச்சடியுங்கள். வீட்டில் போனில் டைமர் வைத்துப் பழக்குங்கள். மணியோசை கேட்டதும் பாதியில் அழுதுவிடும் பிள்ளைகள் உண்டு. மைக் எட்டாது, சின்ன ஸ்டூல் எடுத்துப் போங்கள். பொதுமக்கள் பேசும் நேரம் சிலசமயம் இரவு ஒன்பதைத் தாண்டும். சிறுவர்களை முதலில் பேசவிடுமாறு போர்டு செயலாளரிடம் முந்தின நாளே கேளுங்கள்.

ஆறு பிள்ளைகள் ஒரே உரையைப் பேசினால் மூன்றாவது ஆளிலேயே போர்டு போனைப் பார்க்கத் தொடங்கும். ஒருவர் ரீடிங் டீச்சர் பற்றி, ஒருவர் மாலை வகுப்பு பற்றி, ஒருவர் நூலகம் பற்றி என்று பிரித்துக்கொள்ளுங்கள். சதவீதமும் சட்டப் பிரிவும் பிள்ளை வாயில் வரக்கூடாது. பெரியவர் எழுதிக்கொடுத்தது என்று உடனே தெரிந்துவிடும், மற்ற ஐந்து பேரின் பேச்சும் அதோடு சேர்ந்து கெடும். கணக்கைக் கடைசியில் ஒரு பெற்றோர் சொல்லட்டும், அந்த நான்கு கேள்விகளுக்கு வந்த பதிலைக் கையில் வைத்துக்கொண்டு.

கடிதங்கள்

கையெழுத்துக் கடிதம், ஆளுக்கு ஒன்று, நகல் வேண்டாம். உள்ளே பிள்ளையின் முதல் பெயரும் வகுப்பும் மட்டும். உறையில் பெற்றோரின் முகவரி. தொகுதிக்காரர்தானா என்று அலுவலகத்தில் முகவரியைப் பார்ப்பார்கள். காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதுவதானால் வாஷிங்டனுக்குத் தபாலில் அனுப்பாதீர்கள். 2001-இல் தபாலில் ஆந்த்ராக்ஸ் கிருமி அனுப்பிய தாக்குதலுக்குப் பின் அங்கே போகும் தபால் பாதுகாப்புச் சோதனையில் தாமதமாகிறது. தொகுதி அலுவலகத்தில் நேரில் கொடுங்கள்.

எந்தப் பிள்ளையையும் ஏழை என்று நிறுத்தாதீர்கள்

யார் வீட்டு வருமானம் குறைவு என்பது ரகசியத் தகவல். பள்ளி அதை வெளியிடக்கூடாது, நீங்களும் ஊகித்துப் பேசக்கூடாது. “நான் ஏழை” என்று எந்தப் பிள்ளையும் மைக்கில் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. பணத்தைப் பள்ளி முழுவதற்குமாகச் செலவிடும் திட்டத்தில், வருமானம் பார்க்காமல் எந்தப் பிள்ளையும் அந்த டீச்சரிடம் படிக்கலாம். படம் எடுக்கப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள். நிருபர் வந்தால் பெற்றோர் பக்கத்தில் நிற்க வேண்டும். “உன் வீட்டில் எப்படி?” என்று கேள்வி திரும்பினால் பெரியவர் குறுக்கிட்டு நிறுத்தலாம்.

நீட்டிப்பு கிடைத்தபின்

கிடைத்தது ஒரே வருடம். டிஸ்ட்ரிக்ட் படிவத்தை வைத்து எண்ணுவதானால், ஆகஸ்டில் பள்ளி திறந்த வாரமே வேலையைத் தொடங்குங்கள். இலையுதிர்காலக் கணக்குத் தேதி பல மாநிலங்களில் அக்டோபரில் வருகிறது. முதல் பெற்றோர் கூட்டத்தில் வாசலருகே மேசை போட்டு, அங்கேயே நிரப்பி உறையில் ஒட்டிக் கொடுக்கச் சொன்னால் வீட்டுக்கு அனுப்புவதைவிட அதிகம் திரும்பி வரும். உணவுக்கான விண்ணப்பம் ஒரு குடும்பத்துக்கு ஒன்று போதும். அதில் குடியேற்ற நிலை பற்றிய கேள்வி கிடையாது. சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் கேட்பார்கள். எண் இல்லாதவர் ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டால் போதும். படிவம் அங்கே தடுக்கி நின்றுவிடாமல், மேசையில் இருப்பவர் அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும்.