கோமாரிக்கும் கோழிக் கழிச்சலுக்கும் மூலிகை: ஆய்வுத்தாளிலிருந்து தொழுவத்துக்கு வரும் வழியில் நடக்கும் தவறுகள்

சிராவயலிலும் கண்டிப்பட்டியிலும் மஞ்சுவிரட்டுக்கு மாடு தயாராகும் நாட்களில், கூடவே வாட்ஸ்அப்பில் மூலிகைக் குறிப்புகளும் சுற்றத் தொடங்கும். "இந்த இலைச்சாறு வைரஸை 99 சதவீதம் அழிக்கிறது, விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்" என்று ஆரம்பித்து, மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் ஒரே கஷாயத்தைச் சொல்லி முடியும். அந்த ஆய்வு பெரும்பாலும் பொய்யாக இருக்காது. அதைப் படித்த விதம்தான் பிசகு.

முதலில் அந்த 99 சதவீதத்தைப் பாருங்கள். சந்தைக் கணக்கில் அது ஏறத்தாழ முழுசு. வைரஸ் கணக்கில் அப்படியில்லை. அங்கே பத்துப் பத்து மடங்காகக் குறைத்து எண்ணுவார்கள். ஒரு மில்லி திரவத்தில் பத்து லட்சம் வைரஸ் இருந்து 99 சதவீதம் போனால், மிச்சம் 10,000. மாட்டுக்கு வாயிலும் குளம்பிலும் புண் வரவைக்கும் கோமாரி வைரஸ் மூச்சோடு உள்ளே போய் ஒரு மாட்டைப் பிடிக்க மிகச் சிறு அளவே போதும்.

கண்ணாடித் தட்டும் மாட்டு வயிறும்

ஆய்வகத்தில் நடப்பது இதுதான்: தட்டில் வளர்த்த செல்களின் மேல் வைரஸை விட்டு, மூலிகைச் சாரத்தையும் சேர்த்து, எந்தச் செறிவில் வைரஸ் பாதியாகக் குறைகிறது என்று அளப்பார்கள். அதே சாரம் எந்தச் செறிவில் செல்லையே கொல்கிறது என்பதையும் அளப்பார்கள். இரண்டுக்கும் இடையிலான இடைவெளிதான் முக்கியம். இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், சாரம் செல்லைக் கொன்றதால் வைரஸ் பெருக இடமில்லாமல் போனது என்றுதான் பொருள். செய்தியாகப் பரவும்போது இந்த இரண்டாவது எண் எப்போதும் தொலைந்துபோகும்.

தட்டில் ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராம் சாரம் வேலை செய்ததாக வைத்துக்கொண்டு, 300 கிலோ மாட்டுக்குக் கணக்குப் போடுவோம். உடலில் நீர் மட்டுமே சுமார் 180 லிட்டர். அவ்வளவிலும் அந்தச் செறிவு வர 18 கிராம் சாரம் வேண்டும். காய்ந்த இலையில் பத்தில் ஒரு பங்குதான் சாரமாகக் கிடைக்கும் என்றால் 180 கிராம் காய்ந்த இலை. கொடுத்தது அத்தனையும் ரத்தத்தில் ஏறினால்தான் இந்தக் கணக்கே நிற்கும். ஆனால் மாட்டின் முதல் வயிறு ஒரு பெரிய நொதிக்கலம். அங்குள்ள நுண்ணுயிரிகள் இலைச்சத்தில் பெரும்பகுதியைப் பிரித்துப் போட்டுவிடும். கைப்பிடி இலையைக் கொடுத்துவிட்டு "ரத்தத்தில் வைரஸ் செத்துவிடும்" என்பது கணக்குக்கே ஒத்துவராது.

சாரம் எதில் எடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். தாளில் பெரும்பாலும் மெத்தனால் அல்லது எத்தனால் சாரம் இருக்கும். வீட்டில் காய்ச்சுவது தண்ணீர்க் கஷாயம். நிலவேம்பின் கசப்புச் சத்தான ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் சரியாகக் கரையாது. செடி ஒன்றேயானாலும் கையில் கிடைக்கும் மருந்து வேறு.

சாரத்தையும் வைரஸையும் முதலிலேயே குழாயில் கலந்துவைத்து, பிறகு செல்லில் விட்ட ஆய்வு என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. துவர்ப்பான இலை எதிலும் டானின் உண்டு. அது புரதத்தைத் திரளவைக்கும். வைரஸின் மேற்புரதமும் அப்படித்தான் திரண்டுபோகும். நோய் வந்த மாட்டில் வைரஸ் ஏற்கெனவே செல்லுக்குள் போய்விட்டது. ஆகவே வைரஸ் செல்லுக்குள் நுழைந்த பிறகு சாரம் சேர்த்துப் பார்த்தார்களா என்று தேடிப் படியுங்கள்.

கீழாநெல்லி சொல்லும் பாடம்

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு நெருங்கிய உதாரணம் கீழாநெல்லி. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க் குழு, 1987இல் கீழாநெல்லிச் சாரத்தை வட அமெரிக்கக் கொறிவிலங்கான வுட்சக்கின் கல்லீரல் வைரஸுக்கு எதிராகச் சோதித்து நல்ல பலன் கண்டது. அடுத்து 1988இல் சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜனும் புளூம்பெர்க்கும் சேர்ந்து மனிதர்களில் செய்த ஆய்வு 'லான்செட்' இதழில் வந்தது. 30 நாள் மருந்து எடுத்தவர்களில் 59 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் வைரஸின் மேற்புரதம் மறைந்தது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 4 சதவீதத்தினருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் அப்படியே திரும்பவில்லை.

இதிலிருந்து கீழாநெல்லி பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1987 தாளில் செடியின் பெயர் ஃபில்லாந்தஸ் நிரூரி. 1988இல் ஃபில்லாந்தஸ் அமாரஸ். கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியும் செடிகளின் பெயரே இப்படி மாறியிருக்கிறது. வயல் வரப்பில் பிடுங்கிய செடி எந்த இனம், எந்தப் பருவத்தில் பறித்தது என்று தெரியாமல் தாளில் உள்ள பலனை எதிர்பார்க்க முடியாது. ஒரே ஒரு தாளை வைத்து முடிவு கட்டுவதும் கூடாது.

எல்லா வைரஸும் ஒன்றல்ல

கோழியின் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்), ஆட்டுக்கொல்லி, மாட்டின் தோல் கழலை ஆகிய நோய்களின் வைரஸ்களுக்குக் கொழுப்புப் போர்வை உண்டு. சோப்புத் தண்ணீர் பட்டாலே அந்தப் போர்வை கிழிந்துவிடும். கோமாரி வைரஸுக்குப் போர்வையே கிடையாது. ஆகவே போர்வையைக் கரைக்கும் ஒரு சாரம் ராணிக்கெட் வைரஸை அழித்தது என்பதைக் கோமாரிக்குக் கொண்டுவந்து பொருத்தக் கூடாது.

கோமாரி வைரஸின் பலவீனம் வேறு: அமிலமும் காரமும் அதற்கு ஆகாது. அமில-கார அளவான பி.எச். 6க்குக் கீழோ 9க்கு மேலோ போனால் செயலிழக்கும். தொழுவ வாசலில் 10 லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் சலவைச் சோடா கரைத்துத் தெளிக்கச் சொல்வது இதற்காகத்தான். பலர் இங்கே சமையல் சோடாவைக் கரைத்துவிடுகிறார்கள். அதன் காரத்தன்மை எட்டைச் சற்றுத் தாண்டுவதோடு நின்றுவிடும், வைரஸுக்கு உறைக்காது. சாணியை வழித்து எடுக்காமல் மேலேயே ஊற்றுவதும் வீண். "அமிலம் ஆகாதாமே" என்று எலுமிச்சையை வெட்டி மாட்டின் வாய்ப்புண்ணில் தேய்ப்பது அதைவிட மோசம். வைரஸ் சதைக்குள் இருக்கிறது. எரிச்சல் தாங்காமல் மாடு மேயாமல் போவதுதான் மிச்சம்.

அஞ்சறைப்பெட்டி மருந்தைத் தயாரிக்கும்போது

தஞ்சாவூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மூலிகை மையம் வகுத்து, தேசியப் பால்வள வாரியம் நாடெங்கும் பரப்பும் கோமாரி வாய்ப்புண் மருந்து, செட்டிநாட்டு அடுப்படியில் உள்ள சாமான்தான். சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள்தூள் தலா 10 கிராம், பூண்டு 4 பல், தேங்காய் ஒன்று, வெல்லம் 120 கிராம். சீரகம், வெந்தயம், மிளகை 20 முதல் 30 நிமிடம் ஊறவைத்து, மற்றதையும் சேர்த்து அரைத்து, துருவிய தேங்காயைச் சேர்த்துக் கையால் பிசைந்து, நாக்கிலும் அண்ணத்திலும் மெதுவாகத் தடவ வேண்டும். நாளுக்கு மூன்று வேளை, 3 முதல் 5 நாள்.

பிசகுவது இரண்டு இடங்களில். ஒன்று, காலையில் மொத்தமாக அரைத்து மாலைவரை வைத்திருப்பது. தேங்காய் சேர்ந்த விழுது நம் வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக அரைக்க வேண்டும். இரண்டு, விழுதைத் தண்ணீராகக் கரைத்து மூங்கில் குழாயில் ஊற்றுவது. வாய் புண்ணாகி விழுங்க முடியாத மாட்டின் நாக்கை இழுத்துப் பிடித்து, தலையை அண்ணாத்தித் திரவத்தை ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கும். இரண்டு மூன்று நாளில் இருமலும் மூச்சிரைப்பும் வந்து மாடு சாகும். பழி கோமாரி மேல் விழும். உண்மையில் அது நுரையீரலில் மருந்து போனதால் வந்த சாவு.

மேயவில்லையே என்று அரிசிச் சோற்றைக் குழைத்து அண்டா நிறைய வைப்பதும் இதே வகைதான். பொங்கலன்று சோறு அதிகம் தின்று வயிறு அமிலமாகி மாடு படுத்துவிடுவது ஊரறிந்தது. பசும்புல்லைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

குளம்புப் புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை தலா ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம். எல்லாவற்றையும் அரைத்து அரை லிட்டர் நல்லெண்ணெயில் காய்ச்சி ஆறவைத்துப் பூச வேண்டும். சேற்றைக் கழுவித் துடைக்காமல் பூசினால் எண்ணெய்க்கு அடியில் சீழ் கட்டும். புழு வைத்திருந்தால் முதல் நாள் சீத்தா இலை விழுதோ, சூடம் கரைத்த தேங்காயெண்ணெயோ போட்டுப் புழுவை வெளியேற்றிய பிறகுதான் இந்த எண்ணெய்.

இவை புண்ணை ஆற்றும், ஈயை விரட்டும், மாட்டைச் சீக்கிரம் மேய வைக்கும். அது சின்ன வேலையல்ல. பால் குறையாமல் இருப்பது அதில்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்துத் தொழுவத்துக்கு நோய் போவதை இவை தடுக்காது. கோமாரி வந்த பெரிய மாடுகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வாரத்தில் தாமாகவே தேறும். ஆகவே "கொடுத்தேன், தேறியது" என்பது மட்டும் சாட்சியாகாது. மருந்து கொடுக்காத மாடு எத்தனை நாளில் தேறியது என்பதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

தடுப்பூசியில் செய்யும் கோளாறுகள்

கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. போட்ட அன்றே காப்பு வராது. இரண்டு மூன்று வாரமாகும். மாட்டை வாடிவாசலுக்குக் கொண்டுபோவதற்கு முந்தின வாரம் ஊசி போடுவது ஏறக்குறையப் போடாததற்குச் சமம். மார்கழி முதல் வாரத்திலேயே போட்டுவிட வேண்டும்.

ஆட்டுக்கொல்லி இந்தியாவில் முதன்முதலில் 1987இல் விழுப்புரம் பக்கம் அரசூரில்தான் கண்டறியப்பட்டது. அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு தடுப்பூசி வைரஸ் வகை இருக்கிறது. ஒரு ஊசி மூன்று வருடம் தாங்கும். அப்படியிருக்க, கழிச்சல் கண்ட பிறகு மந்தைக்கே கசாயம் காய்ச்சுவதில் அர்த்தமில்லை.

ராணிக்கெட்டுக்குக் கோழிக்குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாம் வாரம் இறக்கைத் தோலடியில் ஊசி. மருந்துக்கடையிலிருந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தால் உயிருள்ள வைரஸ் வழியிலேயே செத்துவிடும். ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவாருங்கள். கரைத்தபின் ஒரு மணி நேரத்துக்குள் போட்டு முடியுங்கள். தண்ணீரில் கலந்து கொடுப்பதானால் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் கூடாது. கிணற்று நீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலந்துகொள்ளலாம். ரத்தக் கழிச்சல் என்றால் அது வைரஸே இல்லாத வேறு நோயாகவும் இருக்கும். அதற்கு ராணிக்கெட் மருந்து தேடி அலையாதீர்கள்.

கன்றும் மாதிரியும்

கோமாரி பெரிய மாட்டை விட்டாலும் கன்றை விடாது. இதயத் தசையைத் தாக்கும். நேற்றுவரை துள்ளிய கன்று பாலூட்டும்போதே விழுந்து சாகும். நோய் கண்ட தாயிடம் ஊட்ட விடாமல் பிரித்துக் கட்டி, வேறு மாட்டுப் பாலைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுங்கள்.

கால்நடை அவசர உதவி எண்ணான 1962க்கு அழைத்துவிட்டு, டாக்டர் வருவதற்குள் வாயைக் கழுவி மஞ்சள் விழுதைத் தடவிவைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். எந்த வகைக் கோமாரி என்று ஆய்வகம் சொல்வதற்கு, உடையாத அல்லது அப்போதுதான் உடைந்த கொப்புளத்தின் தோல் ஒரு துண்டு வேண்டும். அதை டாக்டர் எடுத்துக் கிளிசரின் கரைசலில் போட்டு ஐஸில் வைத்த பிறகு விழுதைத் தடவுங்கள்.