கசாண்ட்ராவில் டேபிள் போடுவதற்கு முன்னால்

ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கசாண்ட்ரா என்பது டேட்டாவைப் பல சர்வர்களில், அதாவது நோடுகளில், பரப்பி வைக்கும் டேட்டாபேஸ். அதை இன்ஸ்டால் செய்வது, நோடுகளைச் சேர்த்துக் கிளஸ்டர் கட்டுவது எல்லாம் அப்புறம். உங்கள் மென்பொருள் இந்த டேட்டாபேஸிடம் என்னென்ன கேட்கப்போகிறது என்பதை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். 'இந்த வண்டி நேற்று காலை எட்டு முதல் பத்து வரை எங்கெல்லாம் போனது?', 'இந்தக் குழுவின் வண்டிகள் எல்லாம் இப்போது எங்கே நிற்கின்றன?' என்று பேசுகிற மாதிரியே எழுதினால் போதும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு எண்களைப் போடுங்கள்: விநாடிக்கு எத்தனை முறை இந்தக் கேள்வி வரும், எத்தனை மில்லிசெகண்டுக்குள் பதில் வேண்டும்.

நான் பல வருடம் ரிலேஷனல் டேட்டாபேஸில் உழைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவன். அங்கே டேட்டாவை முறையாகப் பிரித்து வைத்துவிட்டால் போதும். கேள்வி எப்போது வந்தாலும் ஜாயின் போட்டு டேபிள்களைச் சேர்த்துக்கொள்ளலாம், மெதுவாக ஓடினால் இன்டெக்ஸ் வைக்கலாம். கசாண்ட்ராவில் ஜாயினே கிடையாது. ஒரு கேள்விக்கு ஒரு டேபிள் என்பதுதான் இங்கே வழக்கம். ஒரே டேட்டா மூன்று டேபிளில் இருக்கலாம், தவறில்லை. கேள்விகளை எழுதாமல் டேபிள் போட்டவர்கள் ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் இடித்துக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படிக் கட்டியவன்தான்.

ஏன் இப்படி என்று புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். நீங்கள் கொடுக்கும் பார்ட்டிஷன் கீயை, அதாவது ரோ எங்கே போக வேண்டும் என்று தீர்மானிக்கும் புலத்தை, கசாண்ட்ரா மர்மர்3 என்ற ஹேஷ் வழியாக ஓர் எண்ணாக மாற்றுகிறது. அந்த எண் எந்த நோடின் எல்லைக்குள் விழுகிறதோ அங்கே அந்த ரோ போய் உட்காருகிறது. ரெப்ளிகேஷன் 3 என்றால் இன்னும் இரண்டு நோடிலும் நகல் இருக்கும். கீ கையில் இருந்தால் எந்த நோடிடம் கேட்க வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும், கிளஸ்டரில் ஆறு நோடு இருந்தாலும் அறுநூறு இருந்தாலும் சரி. வேகத்துக்குக் காரணம் இதுதான். கீ இல்லாமல் கேட்டால் கிளஸ்டர் முழுக்கத் தேட வேண்டும். 'அலோ ஃபில்டரிங்' என்று சேர்த்தால் குவெரி ஓடும் என்று எரர் மெசேஜே சொல்லும். சேர்க்காதீர்கள். அந்த மெசேஜ் வந்தால் உங்கள் காகிதத்தில் ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் வேலை வண்டிகளின் இருப்பிடத்தைப் பதிவது. ஒவ்வொரு வண்டியும் 10 விநாடிக்கு ஒருமுறை தன் இடத்தை அனுப்பும். முதல் டேபிளில் நான் தேதியைப் பார்ட்டிஷன் கீயாக வைத்தேன். ஒரு நாளின் டேட்டா ஒரே இடத்தில் இருந்தால் அன்றைய ரிப்போர்ட் எடுப்பது சுலபம் என்று நினைத்தேன். நோடுகள் ஆறு. வண்டிகள் கூடக் கூட எழுதும் நேரம் ஏறிக்கொண்டே போனது. ஓர் இரவு திரையில் ஆறு நோடின் சிபியு கோடுகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று கோடுகள் உச்சியில், மற்ற மூன்று தரையில். நள்ளிரவில் தேதி மாறியது. உச்சியில் இருந்தவற்றில் இரண்டு அப்படியே சரிந்தன, தரையில் கிடந்தவற்றில் இரண்டு மேலே ஏறின. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைய தேதி என்பது ஒரே கீ. ஒரே கீ என்றால் ஒரே மூன்று நோடு. இன்னும் ஆறு நோடு வாங்கிப் போட்டிருந்தாலும் அந்த மூன்றுதான் எரிந்திருக்கும். அமேசானின் டைனமோடிபி டேட்டாபேஸில் இந்த எல்லை எண்ணாகவே எழுதப்பட்டிருக்கிறது: ஒரு பார்ட்டிஷனுக்கு விநாடிக்கு 3000 ரீட் யூனிட், 1000 ரைட் யூனிட். கசாண்ட்ராவில் அப்படி எழுதிவைத்த எண் கிடையாது, நோடு திணறும்போதுதான் தெரியவரும்.

சரி, வண்டி எண்ணையே கீயாக வைத்தால்? எழுதுவது எல்லா நோடுக்கும் அழகாகப் பரவிவிடும். ஆனால் இங்கே கணக்குப் போட வேண்டும். 10 விநாடிக்கு ஒன்று என்றால் ஒரு வண்டிக்கு ஒரு நாளில் 8640 ரோ. ஒரு ரோ சுமார் 100 பைட் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 864 கிலோபைட், வருடத்துக்கு 315 மெகாபைட். ஒரு பார்ட்டிஷனை, அதாவது ஒரே கீ கொண்ட ரோக்கள் மொத்தத்தையும், 100 மெகாபைட்டுக்குள் வைத்திருப்பது நல்லது. அதைத் தாண்டினால் ஃபைல்களை ஒன்றாகச் சேர்க்கும் காம்பேக்ஷன் நேரத்தில் நோடு தடுமாறும், நகல்களை ஒப்பிட்டுச் சரிசெய்யும் ரிப்பேர் இழுக்கும். அதனால் வண்டி எண்ணோடு மாதத்தையும் சேர்த்து இரண்டையும் ஒன்றாகப் பார்ட்டிஷன் கீ ஆக்கினோம். ஒரு மாதத்துக்கு 26 மெகாபைட்தான், வருங்காலத்தில் ரோ இரண்டு மடங்கு பெருத்தாலும் தாங்கும். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி தன் மெசேஜ்களுக்கு இதே வழியைப் பின்பற்றியதாக 2017-ல் எழுதியிருந்தது: சேனல் எண்ணோடு 10 நாள் கொண்ட ஒரு காலத் துண்டு, அதாவது பக்கெட். பக்கெட் எத்தனை நாள் என்பதை யாரிடமிருந்தும் காப்பியடிக்க வேண்டாம். உங்கள் கணக்குதான் அதைச் சொல்ல வேண்டும், அதுவும் சராசரி வண்டியை வைத்து இல்லை, அதிகமாக அனுப்பும் வண்டியை வைத்து.

பார்ட்டிஷனுக்கு உள்ளே நேரத்தைக் கிளஸ்டரிங் கீயாக, அதாவது ரோக்களை வரிசைப்படுத்தும் கீயாக, வையுங்கள், இறங்கு வரிசையில். பெரும்பாலும் கடைசி நிலவரத்தைத்தான் கேட்பார்கள், அது மேலேயே கிடைத்துவிடும். மாத எல்லையைத் தாண்டும் கேள்விக்கு இரண்டு குவெரியை ஒரே நேரத்தில் அனுப்பி மென்பொருளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது குழுவின் வண்டிகள் இப்போது எங்கே என்பதற்கு, தனி டேபிள். குழு எண் பார்ட்டிஷன் கீ, வண்டி எண் கிளஸ்டரிங் கீ, கடைசி இடம் மட்டும். ஒவ்வொரு செய்தி வரும்போதும் இரண்டு டேபிளிலும் எழுதுவோம். இந்த இடத்தில் எழுதும் கட்டளைகளை ஒன்றாகக் கட்டி அனுப்பும் 'பேட்ச்' போட்டால் வேகமாகும் என்று தோன்றும். ஆகாது. பல பார்ட்டிஷன்களைத் தொடும் பேட்ச், கோரிக்கையை வாங்கிப் பங்கிடும் கோஆர்டினேட்டர் நோடின் தலையில் சுமையை ஏற்றும். ஒரே பார்ட்டிஷனுக்குள் எழுதும்போது மட்டும் பேட்ச் நல்லது. மற்றதற்குத் தனித்தனியாக, ஒன்றின் பதிலுக்குக் காத்திராமல், அசின்க்ரனஸ் முறையில் அனுப்புங்கள்.

கன்சிஸ்டன்சி லெவலை, அதாவது எத்தனை நகல் பதில் சொன்னால் போதும் என்பதை, டேபிளுக்கு டேபிள் யோசித்து வையுங்கள். மூன்று நகலில் இரண்டில் எழுதி இரண்டில் படித்தால், எழுதியது படிக்கும்போது கண்டிப்பாகத் தெரியும். 'லோக்கல் குவோரம்' தருவது இதைத்தான். வண்டியின் இருப்பிடம் ஒரு செய்தி பிந்தினாலும் குடி முழுகிப்போகாது என்பதால் அதைப் படிக்க 'ஒன்', அதாவது ஒரே ஒரு நகல், போதும் என்று வைத்தோம். கட்டணக் கணக்கு மாதிரி விஷயத்துக்கு அப்படிச் செய்ய மாட்டேன்.

இனி டூம்ஸ்டோன். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இது கண்ணில் படாமல் வளர்வது. கசாண்ட்ராவில் ஒன்றை அழித்தால் அது உடனே போய்விடாது. 'இது செத்துவிட்டது' என்று ஓர் அடையாளம் எழுதப்படும். படிக்கும்போது இந்த அடையாளங்களையும் கடந்துதான் போக வேண்டும். நாங்கள் எதையும் அழிக்கவே இல்லை, ஆனாலும் லாகில் டூம்ஸ்டோன் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. இரண்டு நாள் தேடினோம். கடைசியில் பார்த்தால், எங்கள் செய்தியில் 14 புலங்கள், வெப்பநிலை, எரிபொருள் அளவு என்று. சாதாரண வண்டிக்கு அதில் 9 காலி. எங்கள் கோட் அந்த ஒன்பதுக்கும் 'நல்' (null, மதிப்பில்லை) என்று நிரப்பி அனுப்பியது. கசாண்ட்ராவுக்கு 'நல்' எழுதுவதும் அழிப்பதும் ஒன்றுதான். ஒரு ரோவுக்கு 9 டூம்ஸ்டோன். இரண்டு மணி நேரப் பாதையைக் கேட்டால் 720 ரோ, கூடவே 6480 டூம்ஸ்டோன். எச்சரிக்கை எல்லை 1000. பிரிப்பேர்டு ஸ்டேட்மெண்டில், அதாவது முன்பே தயார் செய்து வைத்த குவெரியில், காலிப் புலங்களுக்கு மதிப்பே கொடுக்காமல், 'அன்செட்' ஆக விட்டுவிட வேண்டும். கசாண்ட்ரா 2.2-லிருந்தே இந்த வசதி இருக்கிறது. கோடில் நான்கு வரி மாற்றம்தான். புதிய டேட்டாவில் எச்சரிக்கை அடியோடு நின்றது. உங்கள் கோடில் இதை இன்றைக்கே தேடிப் பாருங்கள்.

பழைய டேட்டாவை நீங்களே அழிக்காமல், எத்தனை நாளில் தானாகக் காலாவதியாகும் என்று டிடிஎல் வைத்துவிடுங்கள், நேரவாரியாக ஃபைல்களைப் பிரிக்கும் டைம் விண்டோ காம்பேக்ஷனோடு சேர்த்து. நாங்கள் 90 நாள் வைத்திருக்கிறோம், விண்டோ 3 நாள். காலாவதியான விண்டோவின் ஃபைல் முழுசாகத் தூக்கி எறியப்படும். அப்புறம், இந்த டேட்டாபேஸை வேலை வரிசையாக, அதாவது க்யூவாக, பயன்படுத்தாதீர்கள். போட்டு, படித்து, அழித்து, மறுபடி போடுவது என்றால் படிப்பதெல்லாம் டூம்ஸ்டோனாகவே இருக்கும்.

டிரைவர், அதாவது மென்பொருளைக் கசாண்ட்ராவோடு இணைக்கும் லைப்ரரி, பக்கம் சுருக்கமாக: மென்பொருளுக்கு ஒரே ஒரு செஷன் (இணைப்பு), கோரிக்கைக்கு ஒன்று இல்லை. ஸ்டேட்மெண்டை ஒருமுறை பிரிப்பேர் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கீயைப் பார்த்து நேராக உரிய நோடிடம் அனுப்பும் டோக்கன் அவேர் ரூட்டிங் வேலை செய்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு கேள்வியும் ஒரு நோடு சுற்றிப் போகும்.

வேகத்தை அளக்கும்போது சராசரியை நம்பவே நம்பாதீர்கள். எங்கள் முகப்புப் பக்கம் திறக்க 20 குவெரி ஓடும். நூற்றில் ஒரு குவெரி மெதுவானது என்றால், இருபதும் வேகமாக வரும் வாய்ப்பு சுமார் 82 சதவீதம்தான். அதாவது நூறு பேரில் 18 பேருக்குப் பக்கம் மெதுவாகத் திறக்கும், சராசரி எவ்வளவு அழகாக இருந்தாலும். அதனால் பி99-ஐ, அதாவது நூற்றில் 99 குவெரி எவ்வளவு நேரத்துக்குள் முடிகிறது என்பதை, பாருங்கள். கசாண்ட்ராவோடு வரும் நோட்டூலின் 'டேபிள் ஹிஸ்டோகிராம்ஸ்' கட்டளை, பதில் வர ஆகும் நேரத்தோடு (லேட்டன்சி) பார்ட்டிஷன் அளவையும் காட்டும். நான் வாரம் ஒருமுறை அந்தக் கடைசி வரியில் மிகப் பெரிய பார்ட்டிஷன் எவ்வளவு என்று பார்த்து எழுதி வைக்கிறேன்.

லோடு டெஸ்ட் பத்து நிமிடம் ஓட்டினால் எல்லா டேட்டாபேஸும் பறக்கும். ஒரு முழு நாளாவது ஓட்டுங்கள், காம்பேக்ஷன் பின்னால் ஓடும்போது பி99 என்ன ஆகிறது என்று தெரிய வேண்டும். கீகளைச் சீராகப் பரப்பாமல், நிஜத்தில் இருப்பது போல ஒரு சில கீகளுக்கு அதிகச் சுமை கொடுங்கள். நடுவில் ஒரு நோடை வேண்டுமென்றே நிறுத்துங்கள். அது திரும்பி வரும்போது விட்டுப்போனதைப் பிடித்துக்கொள்ளும் அந்த நேரம்தான் உண்மையான சோதனை.

லைவ் போகும் முன் ரிப்பேரைக் காலண்டரில் போட்டுவிடுங்கள். டூம்ஸ்டோன் 10 நாள் வைத்திருக்கப்படும், அது டீஃபால்ட். அழித்த செய்தி போய்ச் சேராத ஒரு நோடு அந்த 10 நாளுக்குள் ரிப்பேர் ஆகவில்லை என்றால், அழித்த டேட்டா மறுபடி உயிரோடு வந்து நிற்கும். நாங்கள் ஒவ்வொரு வாரமும் ஓட்டுகிறோம், ஒரு முறை தோற்றாலும் திரும்ப ஓட்ட மூன்று நாள் மிச்சம் இருக்கும்.