பிறர் விதிகளில் உங்கள் சாகசம்: உரிமம் பார்த்து வெளியிடும் முறை

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற மேசை ரோல்பிளே விளையாட்டின் (மேசையைச் சுற்றி அமர்ந்து, கதாபாத்திரங்களை ஏற்று ஆடுவது) விதிகளை வைத்துச் சொந்தச் சாகசம் ஒன்றை, அதாவது ஆடுவதற்கான கதைநூலை, எழுதி விற்க நினைப்பவர், முதல் அத்தியாயத்தைத் தொடங்கும் முன்பே உரிமத்தைப் படித்துவிட வேண்டும். எழுதி முடித்தபின் படித்தால் பாதி நூலைத் திருத்த நேரிடும்.

முதலில், எதற்கு அனுமதி தேவை என்று பிரித்துப் பாருங்கள். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் விளையாடும் முறையைப் பாதுகாப்பதில்லை. அதை விவரிக்கும் எழுத்தையும் ஓவியத்தையுமே பாதுகாக்கிறது. இருபது முகப் பகடையை உருட்டித் திறன் எண்ணைக் கூட்டுவது முறை; ஒரு மந்திரத்தை விளக்கும் பத்தி எழுத்து. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு வழக்கறிஞர்களே வாதாடும் இடம் என்பதால், புதியவர் உரிமத்தைச் சார்ந்து நிற்பதே நல்லது.

இரண்டாவதாக, எந்த உரிமம் என்று முடிவு செய்யுங்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் ஓஜிஎல் என்னும் திறந்த விளையாட்டு உரிமத்தை வெளியிட்டது. 2023 ஜனவரியில் கசிந்த அதன் புதிய வரைவு, ஆண்டு வருவாயில் 7,50,000 டாலரைத் தாண்டும் தொகைக்கு 25 விழுக்காடு வரை பங்கு கேட்டதோடு, பழைய உரிமத்தையும் செல்லாததாக்க முயன்றது. எதிர்ப்பு வலுத்ததால் அதே மாதம் 27-ஆம் நாள் நிறுவனம் பின்வாங்கி, எஸ்ஆர்டி 5.1 என்னும் விதித்தொகுப்பைக் மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமத்தில் வெளியிட்டது. நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கும் வரை இதைத் திரும்பப் பெற முடியாது என்பதால், தொடங்குபவருக்கு நான் சொல்வது இதைத்தான். ஓஜிஎல்லையே தேர்ந்தால், உரிமத்தின் முழு வாசகத்தையும் நூலில் அச்சிட்டு, அதன் 15-ஆம் பிரிவில் நீங்கள் எடுத்தாண்ட நூல்கள் அனைத்தின் பதிப்புரிமை வரிகளையும் சேர்க்க வேண்டும், சலிப்பான வேலைதான்.

மூன்றாவதாக, எஸ்ஆர்டியின் தொடக்கத்தில் உள்ள நன்றி வாசகத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் உங்கள் நூலின் பதிப்புரிமைப் பக்கத்தில் ஒட்டுங்கள். நிறுவனத்தின் பெயரை வேறு வகையில் குறிப்பிட வேண்டாம் என்று ஆவணமே கேட்டுக்கொள்கிறது. அட்டையில் "ஐந்தாம் பதிப்புக்கு ஏற்றது" என்று (விளையாட்டின் ஐந்தாம் பதிப்பைச் சுட்டி) போடலாம்; டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வணிகச்சின்னத்தைப் போட இந்த உரிமம் அனுமதி தராது.

பலர் தடுக்கி விழுவது பெயர்களில்தான், விதிகளில் அல்ல. உங்கள் கதையில் வரும் குகையின் வாயிலில் ஓர் அவுல்பேர் (ஆந்தையும் கரடியும் கலந்த விலங்கு) நிற்கிறது என்று வையுங்கள். அது எஸ்ஆர்டியில் இருப்பதால் அதன் எண்களை அப்படியே எடுக்கலாம். உள்ளறையில் பிஹோல்டர் என்னும் பல கண் அரக்கன் மிதந்தால் சிக்கல், ஏனெனில் அதன் விவரப்பட்டியல் எஸ்ஆர்டியில் இல்லை. பெயரை மட்டும் மாற்றி, நடுவில் பெருங்கண்ணும் தலைமேல் கண்தண்டுகளும் கொண்ட அதே உருவத்தை வைத்துக்கொள்வதும் ஆபத்தே. வேறோர் உயிரினத்தைப் படைத்துவிடுங்கள். ஆகவே கையெழுத்துப்படியில் வரும் ஒவ்வோர் உயிரினம், மந்திரம், தெய்வத்தின் பெயரையும் எஸ்ஆர்டி கோப்பில் தேடி, கிடைத்த பக்க எண்ணை எதிரே குறியுங்கள். எண் இல்லாத வரிகளே நீங்கள் மாற்ற வேண்டியவை.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் கற்பனை உலகான ஃபர்காட்டன் ரெல்ம்ஸிலேயே கதை நடக்க வேண்டுமென்றால், அதற்கு அனுமதிக்கும் டிஎம்ஸ் கில்ட் என்னும் இணைய விற்பனைத் தளம் உண்டு. அங்கே படைப்பாளிக்கு விற்பனையில் 50 விழுக்காடு கிடைக்கும். ஆனால் அங்கு ஏற்றிய படைப்பை வேறெங்கும் விற்க முடியாது.