ரேடியோ பேண்ட் திறந்திருக்கான்னு (தூரத்து சிக்னல் வருதான்னு) காதை வச்சே கண்டுபிடிக்கறது எப்படி: ஒரு பழைய சிபி ஆளோட குறிப்பு

10 மீட்டர் (ஹாம், அதாவது லைசென்ஸ் வாங்கின அமெச்சூர் ரேடியோக்காரங்களோட 28 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்) செத்துப் போச்சுன்னு பொலம்பறவங்கள்ல பாதிப்பேர் ரிக்க (ரேடியோ செட்ட) ஆன் பண்ணி ரெண்டு நிமிஷம் டயல சுத்திட்டு ஆஃப் பண்ணிட்டுப் போனவங்கதான். நானும் அப்படித்தான் இருந்தேன். புத்தி வந்தது ஹாம் லைசென்ஸ் வாங்கினதுக்கு அப்புறம் இல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடி சிபில கதை பேசிக்கிட்டு கிடந்த காலத்துல, அதனால அங்கேர்ந்தே ஆரம்பிக்கறேன் பொறுத்துக்கோங்க.

சிபின்னா பொதுஜனம் பேசற சிட்டிசன்ஸ் பேண்ட், 27 மெகாஹெர்ட்ஸ், 11 மீட்டர். என்கிட்ட இருந்த செட்டுல 26.965ல இருந்து 27.405 வரைக்கும் 40 சேனல், ஏஎம்ல 4 வாட், அவ்ளோதான். நானும் என் ஃப்ரெண்டும் சாயங்காலம் ஒரு சேனல்ல பேசிக்குவோம், நடுவுல 3 கிலோமீட்டர் கூட இருக்காது. ஒரு நாள் அவன் பாதிப் பேச்சுல காணாமப் போயிட்டான், ஸ்பீக்கர்ல விசில் அடிக்கற மாதிரி ஒரு கீச்சு சத்தம், அதுக்குள்ள நாலஞ்சு பேர் ஒரே நேரத்துல எனக்குப் புரியாத பாஷைல கத்தறாங்க. செட்டு போச்சுடான்னு நெனச்சு ஆண்டெனா கனெக்டர கழட்டி மாட்டினேன், கேபிள ஆட்டிப் பாத்தேன், ஒண்ணும் மாறல. கெட்டுப் போனது எதுவும் இல்ல, அயனோஸ்பியர் (சிக்னல மடக்கித் திருப்பி அனுப்பற மேல் வளிமண்டலம்) திறந்திருந்துச்சு. ஒரே சேனல்ல நிறைய ஏஎம் கேரியர் (குரல சுமந்துக்கிட்டு வர்ற அலை) கொஞ்சம் கொஞ்சம் தள்ளி விழுந்தா அந்த விசில் வரும், ஹெட்டரோடைன்னு சொல்வாங்க. அன்னிலேர்ந்து அந்தக் கீச்சுதான் எனக்கு காலிங் பெல்.

முதல் வேலை இதுதான், 28 போறதுக்கு முன்னாடி 27ஐ கேளுங்க. இப்ப வர்ற பெரும்பாலான ஹாம் ரிக்ல ரிசீவர் எல்லா ஃப்ரீக்வென்சியும் எடுக்கும், லைசென்ஸ் கட்டுப்பாடு எல்லாம் டிரான்ஸ்மிட்டுக்குத்தான். ஏன் 27னா அங்க எப்பவும் யாராவது பேசிக்கிட்டேதான் இருப்பாங்க, ஹாம் பேண்ட்ல எல்லாரும் கேட்டுக்கிட்டு மட்டும் உக்காந்திருப்பாங்க, பேச ஆள் இருக்காது. 27.185, அதாவது அமெரிக்க லாரி டிரைவருங்களோட சேனல் 19, அப்புறம் சேனல் 6, 27.025, அங்க பெரிய பவர் வச்சுக்கிட்டு அட்டகாசம் பண்றவங்க எப்பவும் உண்டு. யுஎஸ்பில (அப்பர் சைட் பேண்ட்ங்கற குரல் மோட்) 27.555ம் பாருங்க, பல நாட்டுல அங்க பேசறது சட்டப்படி தப்பு ஆனா கேக்கறதுல ஒண்ணும் இல்ல. இதுல எங்கயாவது தூரத்துக் குரல் ஏறி இறங்கி வந்துச்சுன்னா 28.300க்கு மேல போய் உக்காருங்க, அமெரிக்காவுல டெக்னீஷியன் லைசென்ஸ்காரங்க 28.300க்கும் 28.500க்கும் நடுவுலதான் குரல்ல பேசலாம் அதனால கூட்டம் அங்கதான் இருக்கும்.

சும்மா ஒரு தகவல், அந்த 11 மீட்டர் ஒரு காலத்துல அமெரிக்க ஹாம்களுக்கும் இருந்துச்சு, 1958ல புடுங்கி சிபிக்குக் குடுத்துட்டாங்க. முதல்ல 23 சேனல், 1977ல 40 ஆச்சு. 250 கிலோமீட்டருக்கு அப்பால பேசக் கூடாதுன்னு அங்க ஒரு சட்டம் வேற போட்டு வச்சிருந்தாங்க, 2017ல தான் எடுத்தாங்க. அயனோஸ்பியருக்கு அந்தச் சட்டம் தெரியல போல.

இப்ப ஏன் திறக்குதுன்னு கொஞ்சம். சூரியனோட அல்ட்ரா வயலட்டும் எக்ஸ்ரேயும் மேல இருக்கற காத்த அயனி ஆக்குது. 250, 300, 400 கிலோமீட்டர் உயரத்துல இருக்கற எஃப்2 லேயர்தான் நம்ம சிக்னல மடக்கி கீழ அனுப்புது, ஒரு தாவலுக்கு 4000 கிலோமீட்டர் வரைக்கும் போகும். எந்த ஃப்ரீக்வென்சி வரைக்கும் மடங்கும்ங்கறதுக்கு எம்யூஎஃப்னு பேரு. காலைல இருந்து அது படிப்படியா ஏறும். அதனால 28ல ஒண்ணும் இல்லன்னா 21 கேளுங்க, அப்புறம் 24.9, அப்புறம் 27. 24.9ல நல்லா வருது 27ல லேசா முனகுதுன்னா ரிக்க ஆஃப் பண்ணாதீங்க, அரை மணி நேரத்துல 28 திறக்கலாம். ஒவ்வொரு படியா ஏறிப் பாக்கறதுக்கே பத்து நிமிஷம்தான் ஆகும்.

திசையும் முக்கியம். காலைல கிழக்கு, ஏன்னா அங்க ஏற்கனவே வெயில் ஏறியிருக்கும், மத்தியானம் வடக்கு தெற்கு, சாயங்காலம் மேற்கு. பீம் ஆண்டெனா (ஒரு பக்கமா குறி வைக்கற ஆண்டெனா) வச்சிருக்கறவங்க சூரியன் பின்னாடியே திருப்பிக்கிட்டே போனா பாதி நாள் தப்பாது. பூமத்திய ரேகைக்கு ரெண்டு பக்கமும் இருக்கறவங்களுக்கு இன்னொரு போனஸ் உண்டு, மார்ச் செப்டம்பரை ஒட்டி மத்தியானத்துக்கு மேலயும் ராத்திரி ஆரம்பத்துலயும் டிரான்ஸ் ஈக்வடோரியல்னு ஒரு ரூட் திறக்கும், குரல் படபடன்னு ஃபேன் வழியா பேசற மாதிரி கேக்கும், அத வச்சே கண்டுபிடிச்சுடலாம்.

நம்பர் பாக்கறவங்களுக்கு ரெண்டே ரெண்டு போதும். சோலார் ஃப்ளக்ஸ், அதாவது சூரியன்லேர்ந்து வர்ற ரேடியோ இரைச்சலோட அளவு, 10.7 சென்டிமீட்டர்ல கனடாவுல பென்டிக்டன்ல தினமும் அளக்கறாங்க, சூரியன் தூங்கற வருஷத்துல 65, 70ன்னு கிடக்கும், உச்சத்துல 200 தாண்டும். 100க்கு மேல போச்சுன்னா 10 மீட்டர ஒரு எட்டு பாப்பேன், 150 தாண்டி ஒரு வாரம் நின்னுச்சுன்னா வேற வேலை ஓடாது. ரெண்டாவது கே இன்டெக்ஸ், பூமியோட காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்குன்னு சொல்றது, 0ல இருந்து 9 வரைக்கும், 3க்குள்ள இருந்தா நல்லது, 5 தாண்டினா துருவப் பக்கம் போற ரூட் எல்லாம் படுத்துடும். இதுக்கு மேல நம்பரப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா ரேடியோ கேக்க நேரம் இருக்காது. இன்னொண்ணு, பகல்ல நல்லா போய்க்கிட்டு இருந்த பேண்ட் திடீர்னு மொத்தமா அமைதியாச்சுன்னா அது சூரியன்ல ஃப்ளேர் (திடீர் வெடிப்பு) அடிச்சதா இருக்கலாம், கனெக்டர கழட்டாதீங்க (நான் பண்ணின தப்பு), கொஞ்ச நேரத்துல திரும்பி வரும், மேல் பேண்டுங்கதான் முதல்ல உயிர் பிடிக்கும்.

ஆனா இந்த நம்பர் எதுவும் செல்லுபடி ஆகாத ஒரு ஓபனிங் இருக்கு, எனக்குப் பிடிச்சதும் அதுதான். ஸ்போராடிக் ஈ. 100 கிலோமீட்டர் உயரத்துக்கு அக்கம்பக்கத்துல, எரிகல்லுங்க விட்டுட்டுப் போன இரும்பு, மக்னீசியம் அயனிங்களைக் காத்து அழுத்தி தகடு மாதிரி மெலிசா ஆக்கிடும், அதுல பட்டு சிக்னல் திரும்பும், ஒரு தாவலுக்கு சுமார் 2200 கிலோமீட்டர். வடக்கு அரைக்கோளத்துல மே கடைசில இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் இதோட சீசன், டிசம்பர் ஜனவரில ஒரு குட்டி சீசன். காலைல பத்து பதினொண்ணுக்கும், சாயங்காலத்துலயும் அதிகம். எஃப்2 மெதுவா ஏறி மெதுவா இறங்கும், இது கதவ ஒடச்சுக்கிட்டு வர்ற மாதிரி வரும். ஒண்ணுமே இல்லாத இடத்துல எஸ் மீட்டர் (சிக்னல் பலத்தைக் காட்டற மீட்டர்) முள்ளு ஓரத்துல போய் இடிக்கும், பக்கத்து வீட்டுல இருந்து பேசற மாதிரி இருக்கும், அஞ்சு நிமிஷம் கழிச்சு சுத்தமா காணோம். ஒரு மணி நேரம் நிக்கவும் செய்யும், நம்ப முடியாது.

இதுல ஒரு தந்திரம் சொல்றேன். 28ல வர்ற ஸ்டேஷன் எவ்வளவு தூரத்துலன்னு கவனிங்க. 1800 கிலோமீட்டர்ல இருந்து வந்தவங்க கொஞ்சம் கொஞ்சமா 1200, 800, 500னு கிட்ட வர ஆரம்பிச்சாங்கன்னா மேல தகடு கெட்டியாகுதுன்னு அர்த்தம், எம்யூஎஃப் ஏறுது, உடனே 50 மெகாஹெர்ட்ஸுக்கு, அதாவது 6 மீட்டருக்கு, ஓடுங்க. 6 மீட்டர்ல அப்ப யாராவது இருப்பாங்க. இன்னும் கெட்டியானா எஃப்எம் ரேடியோலயே தூரத்து ஸ்டேஷன் வந்து விழும், காருல போறப்ப ஒரு தடவ நடந்துச்சு, வண்டிய ஓரங்கட்டிட்டு கேட்டுக்கிட்டு இருந்தேன். பழைய ஆளுங்க 49.75ல ரஷ்யா பக்கத்து டிவியோட கேரியர வச்சு 6 மீட்டர மோப்பம் பிடிப்பாங்க, இப்ப அனலாக் டிவியெல்லாம் போயிடுச்சு.

யாரும் பேசாத நேரத்துக்குத்தான் பீக்கன், தானா சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கற ஸ்டேஷன். 28.200ஐ மோர்ஸ் மோட்ல கேளுங்க. உலகம் முழுக்க 18 இடத்துல இருந்து ஆளுக்கு 10 செகண்டு, 3 நிமிஷத்துல ஒரு சுத்து. கால்சைன் (ஸ்டேஷனோட அடையாளப் பேரு) அனுப்பிட்டு நாலு நீள டேஷ் வரும், முதல் டேஷ் 100 வாட், அடுத்தது 10, அப்புறம் 1, கடைசி 0.1 வாட். கடைசி டேஷ் காதுல விழுந்துச்சுன்னா கையில இருக்கறத வச்சுட்டு மைக்க எடுங்க. அதே பீக்கன்கள் 14.100, 18.110, 21.150, 24.930லயும் இருக்கு, மேல சொன்ன படி ஏறற வேலைக்கு அதையும் சேத்துக்கலாம். மோர்ஸ் தெரியலன்னா கூட பரவால்ல, எந்த செகண்டுல யாருன்னு அட்டவணை இருக்கு, கடிகாரம் சரியா இருந்தா போதும்.

எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழியா சின்ன மெசேஜ் அனுப்பற டிஜிட்டல் மோட்) பத்தி கேப்பீங்க. 28.074லயும் 50.313லயும் கம்ப்யூட்டர் வச்சுப் பாத்தா பேண்ட் திறந்திருக்கறது தெரியும், மறுக்கல. ஆனா நம்ம காதுக்கே எட்டாத சிக்னலக் கூட அது படிச்சுடும், அதனால ஸ்கிரீன்ல நெறஞ்சு வழியுதுன்னா குரலுக்கும் வரும்னு அர்த்தம் இல்ல. எனக்கு இருக்கற கடுப்பு வேற, எல்லாரும் அந்த 3 கிலோஹெர்ட்ஸ்ல நெருக்கியடிச்சுக்கிட்டு உக்காந்துட்டு மிச்ச 10 மீட்டர காலியா விட்டுட்டுப் போயிடறாங்க. டிசம்பர்ல 10 மீட்டர் கான்டெஸ்ட் வரும், அன்னிக்கு மட்டும் பேண்ட் ஜேஜேன்னு இருக்கும், திங்கக்கிழமை சுடுகாடு. ரெண்டு நாள்ல சூரியனா மாறிடுச்சு? கூப்பிட ஆள் இல்ல, அவ்ளோதான்.

அதனால கூப்பிடுங்க. 28.400 பக்கம் காலியான இடமாப் பாத்து, யாராவது இருக்கீங்களான்னு ரெண்டு தடவ கேட்டுட்டு சிக்யூ (யார் வேணா பதில் சொல்லலாம்ங்கற பொது அழைப்பு) போடுங்க, நிதானமா, அஞ்சு நிமிஷத்துக்கு. பதில் வந்தா சிக்னல் ரிப்போர்ட், பேரு, இடம் முதல்ல குடுத்துடுங்க, ஆண்டெனா புராணம் எல்லாம் அப்புறம், ஸ்போராடிக் ஈ யாருக்கும் காத்திருக்காது. சிபி பழக்கத்துல ஹேண்டில் (புனைபெயர்) சொல்றது, டென் ஃபோர் (சரி, கேட்டுச்சுங்கற கோட்) போடறது எல்லாம் வாய்ல வந்துடும், எனக்கு ரொம்ப நாள் வந்துச்சு, சில பெருசுங்க மூஞ்சி சுளிப்பாங்க கண்டுக்காதீங்க.

ஆண்டெனாவுக்கு பெரிய செலவு வேண்டாம். 28.400க்கு டைபோல் (நடுவுல கேபிள் சேர்ற ரெண்டு பக்கக் கம்பி) மொத்தம் 5 மீட்டர் கம்பி, பக்கத்துக்கு ரெண்டரை, தரைல இருந்து 5 மீட்டராவது தூக்குங்க, 10 மீட்டர் தூக்க முடிஞ்சா ரொம்ப நல்லது, சிக்னல் தாழ்வா கிளம்பினாத்தான் தூரம் போகும். பழைய சிபியோட முழுநீள கால் அலை கம்பி இருந்துச்சுன்னா சுமார் 11 சென்டிமீட்டர் குறைச்சா 28.400க்கு வந்துடும். ஒரேயடியா வெட்டாம ஒவ்வொரு சென்டிமீட்டரா வெட்டி எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா பொருந்துதான்னு காட்டற அளவு) பாருங்க, வெட்டினத ஒட்ட முடியாது. சிபி செட்டையே நோண்டி 28ல பேசலாம்னு ஆசை வந்தா முதல்ல பரீட்சை எழுதி கால்சைன் வாங்குங்க.

கடைசியா ஒரு நோட்டு வாங்குங்க. அன்னிக்கு அந்தக் கீச்சு சத்தத்துக்கு நடுவுல ஒருத்தன் மட்டும் இங்கிலீஷ்ல தெளிவா வந்தான், நான் 4 வாட்ல பதில் சொன்னேன், அவன் என் ஹேண்டில திருப்பிச் சொன்னான், அவனோடத சொல்லிக்கிட்டு இருக்கும்போதே கரைஞ்சு போயிட்டான். எந்தத் தேதி, எந்த சேனல், ஒண்ணும் எழுதி வைக்கல. இப்ப எழுதறேன், யுடிசி (உலகப் பொது) நேரம், ஃப்ரீக்வென்சி, திசை, எப்ப திறந்துச்சு, எப்ப மூடிச்சு. சூரியன் தன்ன ஒரு சுத்து சுத்த நம்ம கணக்குல 27 நாள் ஆகும், அதே கரும்புள்ளிக் கூட்டம் கலையாம இருந்தா திரும்ப நம்மப் பக்கம் வரும், அதனால 10 மீட்டர் நல்லா இருந்த நாளைக்குப் பக்கத்துலயே 27 நாள் தள்ளி வர்ற தேதியையும் குறிச்சு வச்சுடுவேன், அன்னிக்குக் காலைல வேற வேலை வச்சுக்கறது இல்ல.