தீவு வளராமல் நின்றதும், அதை மீட்டதும்: என் அனுபவம்

2020-இல் வெளியான 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' என்ற, ஒரு தீவில் குடியேறி அதை வளர்க்கும் வீடியோ விளையாட்டில் எங்கள் தீவு நான்கு நாள்களாக ஒரே நிலையில் நின்றிருந்தது, இன்று அது மீண்டும் வளரத் தொடங்கியதில் பெரும் நிம்மதி.

நான் நாள்தோறும் மரமும் இரும்பும் சேர்த்தேன், மீன்களைப் பிடித்தேன், ஆனால் கடை கட்டும் பேச்சையே தீவின் அலுவலகமான கூடாரத்தில் யாரும் எடுக்கவில்லை. இரும்பு போதவில்லை என்று எண்ணி மேலும் பாறைகளைத் தட்டினேன். பிறகு, கன்சோலின் கடிகாரத்தை ஒரு நாள் முன்னே தள்ளிப் பார்த்தேன். விளையாட்டை நீக்கி மறுபடியும் நிறுவினேன். சேமிப்பு அப்படியே இருந்ததால் நிலைமையும் மாறவில்லை.

கவனிக்கத் தவறியது ஒரு சிறு விவரம். ஒரு கன்சோலுக்கு ஒரே தீவுதான். எட்டுப் பேர் வரை அதில் குடியேறலாம் என்றாலும், முதலில் தீவைத் தொடங்கியவரே குடியிருப்போர் பிரதிநிதி ஆகிறார், கடை, பாலம் போன்ற பொதுப்பணிகள் அவர் வழியாகவே நகர்கின்றன. எங்கள் வீட்டில் தீவைத் தொடங்கியவள் என் மகள். முதல் நாள் சிறிது நேரம் ஆடிவிட்டு அவள் விட்டுவிட்டாள்.

ஆகவே, நான் சேர்த்த இரும்பையும் மரங்களையும் கூடாரத்தின் அருகே தரையில் வைத்துவிட்டு, மகளை அவளுடைய கணக்கில் நுழையச் சொன்னேன். அவள் அவற்றை எடுத்துக்கொண்டு சென்றபோது, கடைக்காக மூவகை மரத்திலும் இரும்பிலும் தலா 30 வேண்டும் என்று கூடாரத்தில் இருக்கும் பாத்திரமான டிம்மி கேட்டான். பொருள்களைக் கொடுத்ததும், கடைக்கான இடத்தைத் தேர்வு செய்யும் பொறுப்பு அவளிடம் வந்தது. பிரதிநிதியை மாற்ற வேண்டுமென்றால் தீவையே அழிக்க நேரும். எனவே, குடும்பமாக ஆடுபவர்கள், அதிகம் ஆடப்போகிறவரின் கணக்கிலேயே முதலில் தொடங்குவது நல்லது.