கழுவெளி சுருங்கியதா? செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கண்டுபிடிப்பது

சென்னையின் பள்ளிக்கரணைக் கழுவெளியை (சதுப்பு நிலத்தை) நான் முதன்முதலாகச் செயற்கைக்கோள் படத்தில் அளந்தபோது, அது பெரிதாகியிருக்கிறது என்று விடை வந்தது. நான் மடிப்பாக்கத்தில் வளர்ந்தவள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தப்பு என்னுடையதுதான்: 1991 மே மாதப் படத்தையும் 2016 ஜனவரிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒன்று கத்திரி வெயில் காலம், மற்றது பெருவெள்ளம் வடிந்த கையோடு எடுத்தது.

அதனால் முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மேகம் விலகும் பிப்ரவரி எனக்குத் தோதாக இருக்கிறது. ஒரே ஒரு வருடத்தை நம்பாமல், நாலைந்து பிப்ரவரிகளின் நடுமதிப்பை எடுங்கள்.

படங்களுக்குக் காசு இல்லை. லேண்ட்சாட் செயற்கைக்கோள் தொகுப்பில் 1984 முதல் 30 மீட்டர் படங்களும், சென்டினல்-2 செயற்கைக்கோளில் 2015 முதல் 10 மீட்டர் படங்களும் உண்டு. இணையத்திலேயே படங்களை அலசும் தளமான கூகுள் எர்த் எஞ்சினில் இரண்டுமே கிடைக்கும். 30 மீட்டர் பிக்சல் என்பது 900 சதுர மீட்டர், நம்மூர்க் கணக்கில் ஏறத்தாழ நாலு கிரவுண்டு. யாரோ ஒருவர் ஒரு கிரவுண்டில் மண் கொட்டினால் லேண்ட்சாட்டுக்குத் தெரியாது.

அப்புறம் நீர்க்குறியீடு, அதாவது ஒரு பிக்சலில் தண்ணீர் இருக்கிறதா என்று காட்டும் எண். செயற்கைக்கோள் ஒவ்வொரு ஒளி வகையையும் தனித்தனிப் பட்டையாகப் பதிகிறது. பச்சைப் பட்டையிலிருந்து குறுஅலை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் சுழியத்துக்கு மேல் வருவது பெரும்பாலும் தண்ணீர். பட்டை எண்ணில் கவனம் வேண்டும்: லேண்ட்சாட் 5இல் இவை 2, 5, லேண்ட்சாட் 8இல் 3, 6, சென்டினலில் 3, 11. பழைய நிரலை அப்படியே ஒட்டிவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்க நான் முழித்திருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். குறியீட்டுக்குத் திறந்த தண்ணீர்தான் தெரியும். ஆகாயத்தாமரை மூடிய நீரும், சம்புப் புல் நிற்கும் சேறும் அதன் கண்ணுக்கு வயல் மாதிரிதான். நீர்ப்பரப்பு பாதியாகிவிட்டதென்று அறிக்கை எழுதும் முன், சென்டினல்-1 ரேடார் படத்தையும் பாருங்கள். திறந்த நீர் அதில் கறுப்பாக விழும். நீருக்குள் நிற்கும் புல்லில் அலை இருமுறை பட்டுத் திரும்புவதால் அந்த இடம் பளிச்சென்று தெரியும். மேகமும் அதற்குத் தடையில்லை.

சரி, காரணம்? சந்தேகப்படும் ஒரு புள்ளியைத் தொட்டு, அதன் குறியீட்டை வருடவாரியாக வரைந்து பாருங்கள். வறட்சி என்றால் கோடு இறங்கி, நல்ல மழை வருடத்தில் மீண்டும் ஏறும். களை என்றால் நீர் குறையும், தாவரக் குறியீடு (பசுமையைக் காட்டும் எண்) கோடையிலும் உயர்ந்தே நிற்கும். மண் கொட்டியிருந்தால் ஒரே வருடத்தில் கோடு சட்டென விழும், மறுபடி எழாது. 2015 வெள்ளத்துக்குப் பிறகும் எழாத இடங்களை நான் தனியாகக் குறித்துக்கொண்டேன். மழையைச் சரிபார்க்க, அதே எர்த் எஞ்சினில் 1981 முதல் உள்ள சிர்ப்ஸ் மழைத் தரவு போதும்.

அந்தப் புள்ளிகளைப் படத்தின் மேல் போட்டால் சில விஷயங்கள் தாமாகவே தெரியும். பெருங்குடி குப்பைமேடு ஓரம் ஒரு கொத்து. சதுப்பைக் குறுக்கே வெட்டிப் போகும் துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையை ஒட்டி இன்னொன்று. சாலைக்கு இருபுறமும் ஒரே பிப்ரவரியில் நீர் வேறு வேறு அளவில் நின்றால், அடியில் போகும் மதகுகளையும் பாருங்கள். மிச்ச நீர் ஒக்கியம் மடுவு வழியாகத்தான் பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். அந்த வழி அடைபட்டால், அழியாத கழுவெளியும் படத்தில் வீங்கித் தெரியும்; அதை வளர்ச்சி என்று எழுதிவிடாதீர்கள்.

2022இல் இதன் 1,247 ஹெக்டேர் ராம்சர் தளமானது, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அந்த எல்லையை மட்டும் வெட்டி எடுத்து அளந்தால், அதற்கு முன்பே வெளியே போய்விட்டதெல்லாம் கணக்கில் வராது. நான் வேளச்சேரியிலிருந்து பெரும்பாக்கம் வரை எல்லையை அகலமாகவே வரைகிறேன்.

கடைசியாக, பத்துப் புள்ளிகளைக் கைபேசியில் ஏற்றிக்கொண்டு நேரில் போங்கள். நான் நீர் என்று குறித்த ஒன்றில், போன வாரம் கருப்புத் தார்ப்பாய் போட்ட ஒரு பெரிய கூரை நின்றது.