பங்குத்தந்தையிடம் திருவழிபாடு குறித்த மனக்குறையைச் சொல்வது எப்படி?

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கப் பங்குகளில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோயில் வாசலில் நடக்கும் பேச்சில் அன்றைய வழிபாட்டில் எது சரியில்லை என்பதற்கும் ஓர் இடம் இருக்கும். அந்தப் பேச்சு நான்கு வாய் மாறி, பங்கை நடத்தும் குருவான பங்குத்தந்தையின் காதுக்குப் போகும்போது கேள்வியாக இருப்பதில்லை, குற்றச்சாட்டாகிவிடுகிறது. மறைக்கல்வி கற்பிக்கும் நானும் ஒருமுறை அப்படி வாசலில் பேசினேன். அதை அவர் வேறொருவர் வழியாகக் கேட்க நேர்ந்தது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. முதன்முறையாக இப்படி ஒரு விஷயத்தைச் சொல்லப் போகிறவர்களுக்கு உதவும் என்று, அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட வழியை எழுதுகிறேன்.

முதல் படி: எந்த வழிபாட்டு முறை என்று பாருங்கள்

பாலக்காட்டு எல்லையில் இதைத் தவறவிடவே கூடாது. நம் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் 2013 டிசம்பர் 28 அன்று கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட இலத்தீன் (உரோமை) வழிபாட்டு முறை மறைமாவட்டம். அதே ஊரில் கீழை முறையைப் பின்பற்றும் சீரோ மலபார் கத்தோலிக்கக் கோயிலும் இருக்கலாம். அங்கே நடப்பது குர்பானா என்னும் அவர்களுடைய திருப்பலி. இலத்தீன் திருப்பலியில் நற்கருணை பெறுவதற்குச் சற்று முன் சமாதானம் பகிர்கிறோம், அவர்களோ அப்பமும் இரசமும் அர்ச்சிக்கப்படும் நற்கருணை மன்றாட்டுக்கு முன்பே பகிர்ந்துவிடுகிறார்கள். ஒன்றைப் பழகிய கண்ணுக்கு மற்றது பிழையாகத் தெரியும். உண்மையில் இரண்டும் திருச்சபையின் முறைகளே.

இரண்டாம் படி: சட்டமா, அனுமதியா, விருப்பமா?

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான், ஏனென்றால் நம் குறைகளில் பெரும்பகுதி இந்தச் சல்லடையிலேயே நின்றுவிடும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் 22-ஆம் எண், குருவாகவே இருந்தாலும் எவரும் தம் விருப்பப்படி வழிபாட்டில் எதையும் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ கூடாது என்கிறது. திருப்பலியை எப்படி நடத்துவது என்று சொல்லும் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையோ, இன்னின்ன இடங்களில் குருவே தேர்ந்துகொள்ளலாம் என்று பல வாய்ப்புகளைத் தருகிறது. இவை இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் முதலாவதை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு போகிறவர் பெரும்பாலும் தவறான இடத்தில் சண்டையிடுவார்.

நற்கருணை மன்றாட்டின் முடிவில் ஆரத்தி எடுத்ததைப் பார்த்து, இது எங்கிருந்து வந்த வழக்கம் என்று நான் மனம் கொதித்தேன். தேடிப் படித்தபோதுதான், 1969-இல் இந்தியத் திருச்சபைக்கு உரோமை அனுமதித்த பன்னிரண்டு அம்சங்களில் ஆரத்தியும் ஒன்று என்று தெரிந்தது. தரையில் அமர்வதும், கைகூப்பிச் சமாதானம் தெரிவிப்பதும், எண்ணெய் விளக்கும் அதே பட்டியலில் உள்ளவை. படிக்காமல் போயிருந்தால், திருச்சபை அனுமதித்த ஒன்றுக்காக ஒரு குருவைக் குற்றவாளியாக்கியிருப்பேன்.

பாட்டின் மெட்டு, மறையுரையின் நீளம், பூ அலங்காரம் இவற்றில் பெரும்பாலும் நம் விருப்பமே பேசும். அதைச் சொல்லலாம், ஆனால் விருப்பம் என்றே சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: எழுதி வையுங்கள்

ஒரு நாள் நடந்தது மறதியாக இருக்கலாம். ஆகவே இரண்டு மூன்று ஞாயிறுகள் கவனித்து, தேதி, எத்தனை மணித் திருப்பலி, கண்ணால் கண்டது என்ன என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 'எப்போதும்', 'எல்லாரும்' என்ற சொற்கள் அந்தக் குறிப்பில் வர வேண்டாம். அர்ச்சிப்பின் சொற்களே மாற்றப்படுவது போன்ற பெரிய விஷயமாக இருந்தால் காத்திருக்கத் தேவையில்லை.

நான்காம் படி: நேரம் கேட்டு, தனியாகச் செல்லுங்கள்

திருப்பலிக்கு முன்னும், முடிந்த உடனேயும் வேண்டாம். அடுத்த பூசைக்கு வேறு கிளைக் கோயிலுக்கு ஓடவேண்டியவரை வழிமறித்துச் சொல்வது எதுவும் அவர் மனதில் நிற்காது. வார நாளில் நேரம் கேளுங்கள். அன்பியத்தார் (பங்கின் சிறு குழுவினர்) பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போனால் அது முற்றுகையாகிவிடும்.

ஐந்தாம் படி: ஒன்றை மட்டும், கேள்வியாக

எங்கள் பங்கில் முதல் வாசகத்துக்குப் பின் வரும் திருப்பாடலான பதிலுரைப் பாடலை விட்டுவிட்டு வேறொரு பக்திப் பாட்டைப் பாடிவந்தார்கள். இறைவார்த்தை அடங்கிய வாசகங்களுக்கும் பதிலுரைப் பாடலுக்கும் பதிலாக விவிலியம் அல்லாத பாடங்களை வைக்கக் கூடாது என்று பொதுப் படிப்பினையின் 57-ஆம் எண் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அந்த எண்ணை நான் முதலில் எடுக்கவில்லை.

"சாமி, ஒரு சந்தேகம். பதிலுரைப் பாடலும் இறைவார்த்தைதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கோயிலில் வேறு பாட்டு வருகிறதே என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்லட்டும்?"

அவர் மேசைமேல் இருந்த வாசக நூலைத் திறந்து, அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி சற்று நேரம் பேசாமல் இருந்தார். "திருப்பாடல் பாடுகிற பெண் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டது, டீச்சர். சும்மா விட வேண்டாம், தெரிந்த பாட்டைப் பாடுங்கள் என்று நான்தான் சொன்னேன்."

காரணம் இவ்வளவுதான். பாட முடியாதபோது திருப்பாடலை வாசிக்கலாம் என்று அதே நூலின் 61-ஆம் எண் வழி காட்டுகிறது. என் வகுப்புப் பிள்ளைகள் இருவர் வாசிப்பார்கள் என்றேன். இரண்டு வாரம் கழித்து ஒரு சிறுமி வாசிக்க, மக்கள் பல்லவியைச் சேர்ந்து சொன்னார்கள். குறையோடு போகும்போது, நீங்கள் செய்யக்கூடிய ஓர் உதவியையும் கொண்டு போங்கள்.

அவர் மறுத்தால் அங்கேயே வாதிட வேண்டாம். "யோசித்துப் பாருங்கள், சாமி" என்று சொல்லி, ஆசீர் பெற்று வந்துவிடுங்கள்.

ஆறாம் படி: பதில் வராவிட்டால்

சில வாரங்கள் பொறுத்து, அதையே ஒரு பக்கக் கடிதமாக அவருக்கே எழுதிக் கொடுங்கள். அதற்கும் மாற்றமில்லை, விஷயமும் சட்டம் சார்ந்தது என்றால் மறைமாவட்டத் தலைவரான ஆயருக்கு எழுதலாம். தங்கள் தேவைகளையும் கருத்தையும் மேய்ப்பர்களுக்கு வணக்கத்தோடு தெரிவிக்கும் உரிமையை, சிலவேளை கடமையையும்கூட, இறைமக்களுக்குத் திருச்சபைச் சட்டம் 212 தருகிறது. சீரோ மலபார் போன்ற கீழைத் திருச்சபையினருக்கு அவர்களுடைய சட்டத் தொகுப்பில் சட்டம் 15 உண்டு. 2004 மார்ச் 25 அன்று திருவழிபாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிவுறுத்தலின் 184-ஆம் எண், வழிபாட்டு முறைகேடு குறித்து எந்தக் கத்தோலிக்கரும் முறையிடலாம் என்றும், இயன்றவரை முதலில் தம் ஆயரிடமே செல்ல வேண்டும் என்றும், அது உண்மையோடும் அன்போடும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

கடிதத்தில் கண்டதை மட்டும் எழுதுங்கள். குருவின் எண்ணம் இதுதான் என்று நீங்களே தீர்மானித்து எழுதாதீர்கள். பெயரும் முகவரியும் இல்லாத மொட்டைக் கடிதம் வேண்டவே வேண்டாம். அனுப்புவதற்கு முன் நகல் ஒன்றைப் பங்குத்தந்தையின் கையில் நீங்களே கொடுத்துவிடுங்கள்; ஆயர் இல்லத்திலிருந்து அழைப்பு வந்த பிறகுதான் அவருக்கு இது தெரியவந்தது என்று ஆகக் கூடாது.